கதவு தெரியாத வீடு

எங்கள் வீட்டு ஹோலில், நல்ல நடுச்சுவரில், ஒரு ஆணி இருக்கிறது. அதில் ஒன்றும் தொங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ராசமலர், வெறும் ஆணியை விட்டிருக்கிறீர், ஒரு கலண்டரையாவது கொழுவுமன்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். நான் கொழுவமாட்டேன்.

போன தை மாதம், தமிழரின் பைல்களை அமுக்கிவைத்த விவகாரத்தில் இந்த டென்மார்க் நாட்டு அரசாங்கமே விழுந்த அன்று, வைலேயில் இருக்கிற எங்கள் சனத்தில் பாதிப்பேர் எங்கள் வீட்டில்தான் நின்றார்கள். எல்லாரும் டிவியைப் பார்த்துக் கைதட்ட, எஸ்பியர்க்கிலிருந்து வந்திருந்த அந்தோனிதாசன் அண்ணை மட்டும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உதில முந்தி என்ன இருந்தது?"

"ஒரு படம் அண்ணை. எண்ணெய்ச்சாயத்தில கீறின படம். நூறு வருசப் பழசு."

"வித்துப்போட்டியளோ?"

"சீ! அது எங்கட படமே இல்லை" என்றேன். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் சொல்கிறேன், அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

நான் டென்மார்க்குக்கு வந்தது 1989 ஆவணியில். கலியாணம் நடந்து ஏழாம் மாதம் என் மனிசன் சிறீஸ்கந்தராசா ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டதும் என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். சட்டப்படி எனக்கு வர உரிமை இருந்தது. ஆனால் மேலிடத்தில் தமிழரின் விண்ணப்பங்களை அப்படியே கிடக்கவிடச் சொல்லிவிட்டார்களாம். இருபத்திரண்டு மாதம் கிடந்தது. அந்த இருபத்திரண்டு மாதமும் நான் முதலில் ஷெல்லடிக்குள்ளும், பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குள்ளும் கிடந்தேன். பைல் கதையெல்லாம் பிற்பாடுதான் வெளியே வந்தது. அப்போது எனக்கு என்ன தெரியும்? இந்த மனிசன்தான் வேண்டுமென்று நாளைக் கடத்துகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அது ஊருக்கே தெரியும்.

கொப்பன்ஹேகனில் வந்து இறங்கினேன். நாலு வருசத்துக்குப் பிறகு பெண்சாதியைக் காண்கிற மனிசன் என்ன சொல்லவேண்டும்? அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு "வாரும்" என்றார். அவ்வளவுதான். ரயில் ஏறினோம். போகிற வழியில் அந்த ரயில் அப்படியே ஒரு கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடந்தது. ரயிலைக் கப்பல் விழுங்குகிறதே, ஐயோ, இதைப்பற்றியாவது ஒரு சொல்லுச் சொல்லுவாரா என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்த புதிதில் விடியும்வரை கதைக்கிற மனிசன் இவர். அந்த வாயை எங்கே விட்டுவிட்டு வந்தாரோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

வைலேயில் மூன்றாம் மாடி வீடு. கொம்யூன், அதுதான் இந்த ஊர் நகரசபை, கொடுத்தது. இரண்டு கதிரை, ஒரு மேசை, கட்டில், சாமி மூலையில் பிள்ளையாரும் லட்சுமியும் நல்லூர்க் கந்தனும். ஹோல் சுவரில் அந்தப் படம்.

படத்தைச் சொல்லத்தான் வேண்டும். கோபக்காரியென்றாலும் கண் இருக்கிறதே எனக்கு. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். தங்கப்பூச்சுச் சட்டம், ஒரு மூலை மட்டும் உடைந்து வெள்ளை தெரிந்தது. உள்ளே ஒரு வெட்டவெளி. கண்ணுக்கு எட்டினவரை ஊதாப் பூப்பூத்த பற்றைக்காடு. அதற்குமேல் வானம், படத்தில் முக்கால்வாசியும் வானம்தான். மழை பெய்துவிட்டு அப்போதுதான் போயிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், நடுவே போகிற வண்டிப் பாதையில் சில்லுப் பதிந்த இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் நிற்கிறது, அந்தத் தண்ணீருக்குள்ளும் வானம் கிடக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு இழுப்பு. தள்ளி நின்றால் மறுபடியும் தண்ணீர். கீறின கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. மூலையில் ஒரு கையெழுத்து, வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் 1887 என்று மட்டும் விளங்கியது.

பாதை போய் முடிகிற இடத்தில் புல்லுக்கூரை போட்ட பதிந்த வீடு ஒன்று. அதன் முன்சுவர் அடுப்படிச் சுவர்போல ஒரே இருட்டு.

என் மனிசன் வேலையால் மூன்று மணிக்கு வருவார். சப்பாத்தைக் கழற்றுவார், முகம் கழுவுவார், தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் கதிரையில் இருப்பார். ஒரு பத்து நிமிசம் அசையமாட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன், குத்துக்கல்லாட்டம். பயணம் எப்படி இருந்தது, நாலு வருசம் எப்படிப் போனது, ஒரு கேள்வி கிடையாது. சாப்பாடு நல்லாயிருக்கு, குளிருக்குக் காலுறை போடும், கதவைப் பூட்டும். இதுதான் கதை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அப்பிடி என்னதான் இருக்குது உதுக்குள்ள? என்ர மூஞ்சியை இவ்வளவு நேரம் ஒருநாள் பாத்திருக்கிறியளோ?"

அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"நீர் வரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் வேலையால வந்து உந்தப் பாதையால நடந்து போவன். அந்த வீடுவரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திடுவன்."

"ஏன் திரும்புறியள்? உள்ளுக்குப் போறதுதானே?"

"கதவு தெரியேல்லை."

உண்மைதான். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த இருட்டுச் சுவரில் கதவு எங்கே என்று தெரியாது. ஆனால் எனக்கு அதுவா முக்கியம்? வந்து இத்தனை நாளில் அவர் பேசின நீளமான பேச்சு இதுதான், அதுவும் படத்தைப்பற்றி.

நான் வந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்குச் சாமிப்படம் தொடக்கூடாத நாள். இரண்டாவது வெள்ளி, அவர் வேலைக்குப் போனபிறகு, தலைமுழுகிவிட்டு வந்து சந்தனம் குழைத்தேன். சந்தனக் கட்டியும் நல்லூர்க் குங்குமமும் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு வருசமாகப் பெண் கை படாத வீடு. பிள்ளையாரின் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். லட்சுமிக்கு வைத்தேன். கந்தனுக்கு வைத்தேன். புதிதாக வந்த அரிசிப் பானைக்கு வைத்தேன், குளிர்பெட்டிக்கும் வைத்தேன். நிலைக்கு வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பெரிய படம் என்னைப் பார்க்கிறது. வீட்டில் இருக்கிற எல்லாப் படத்துக்கும் வைத்துவிட்டு, என் மனிசனுக்குத் துணையாக இருந்த படத்தை மட்டும் விடுவதா? பந்தியில் ஒருவருக்கு மட்டும் இலை போடாமல் விடுவதுபோல் இருந்தது. எனக்கு அதன்மேல் எரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் முறை முறைதான்.

எங்கே வைப்பது? சாமிப் படமென்றால் நெற்றி இருக்கும். செத்தவர் படமென்றாலும் நெற்றி இருக்கும். இதில் ஆளே இல்லை. வானத்துக்கா பொட்டு வைப்பது? அப்போதுதான் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. கதவு தெரியவில்லை என்றாரே, கதவு எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வைக்கிறேன், வீடென்றால் நிலைக்குத்தானே வைப்பது. பாதை போய் முட்டுகிற இடத்தில், இருட்டுச் சுவரின் நடுவில், மோதிர விரலால் சந்தனத்தைத் தடித்து வைத்து, அதன்மேல் குங்குமத்தை வைத்தேன். வைக்கும்போது விரலுக்குக் கண்ணாடி தட்டுப்படவில்லை. சொரசொரவென்று இருந்தது. இவ்வளவு பெரிய படத்துக்கு ஒரு கண்ணாடி போடப் பஞ்சப்பட்டிருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். எண்ணெய்ச்சாயப் படத்துக்குக் கண்ணாடி போடமாட்டார்கள் என்றுகூடத் தெரியாத விசர் நான்.

மூன்று மணிக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. படத்துக்கு முன்னால் நின்றார்.

"வடிவாயிருக்கோ?" என்று குசினியிலிருந்து கேட்டேன்.

 வந்து பார்த்தேன். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"இது எங்கட படமில்லை, மலர்."

பிறகுதான் சொன்னார். இந்த வீட்டில் முன்பு இருந்தது கிறேத்தா என்ற டெனிஷ் மனிசி. அவளுடைய புருசன், போல் என்று பேர், செத்தபிறகு மூன்று மாடி ஏறமுடியாதென்று கீழ்வீட்டுக்கு மாறினாள். வீடு இவருக்குக் கிடைத்தது. இவர்தான் அவளுடைய சாமான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் இறக்கினவர். கடைசியாகச் சுவரில் இந்தப் படம் மட்டும் மிஞ்சினபோது கழற்ற மனமில்லாமல் நின்றிருக்கிறார். கிறேத்தா பார்த்துவிட்டு, உன்னுடைய பெண்சாதி எங்கே என்று கேட்டிருக்கிறாள். இவர் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றிருக்கிறார். "அப்ப இது இங்கேயே தொங்கட்டும். பெண்சாதி வந்தால் உனக்கு இது தேவைப்படாது, அப்ப தா" என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை அவளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படத்தைக் கொண்டுபோவதாகக் கதை.

"என்னட்ட ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

 ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், இரண்டு பேரும் நன்றாகச் சண்டைபிடித்துவிட்டு ஒரு தேத்தண்ணியில் முடித்திருக்கலாம். அவர் ஏசவில்லை. கட்டில் விளிம்பில் போய் இருந்தார். அன்று முழுக்கப் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்திரண்டு மாதம் அந்த மனிசனைப் பிடித்துவைத்திருந்தது அந்தப் படம், வந்து பன்னிரண்டாம் நாள் அதை நான் பழுதாக்கிவிட்டேன். இனி இவர் என்னோடு கதைக்கவே போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை லொட்ஜ் அறையில்கூட அழுததில்லை.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. அவர் போனதும் படத்துக்கு முன்னால் நின்று யோசித்தேன். குத்துவிளக்கென்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். புளியை எடுத்துக் கரைக்கவும் தொடங்கிவிட்டேன், பிள்ளையார்தான் கையைப் பிடித்தார். நான் செய்த பிழையை என் மனிசன் போய்ச் சொல்லித் தலைகுனிவதைவிட நானே போய்ச் சொல்லுவோம் என்று, படத்தை ஆணியிலிருந்து இறக்கி, கட்டில் விரிப்பால் சுற்றி, ஒவ்வொரு படியாக மூன்று மாடியும் இறங்கினேன். கையும் முதுகும் முறிந்தே போயின.

கிறேத்தாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பிளைபோல வெட்டின தலைமயிர், வாயில் சிகரெட், இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்கிற தடித்த கை. நான் விரிப்பை நீக்கினேன். அவள் குனிந்து பொட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். பிறகு நீளமாக ஏதோ சொன்னாள், சத்தமாகச் சொன்னாள். எனக்கு டெனிஷ் ஒரு சொல்லும் தெரியாது.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை! கண்ணாடி இருக்கெண்டு நினைச்சிட்டன்! நல்லதுக்குத்தான் வைச்சனான்!" என்று நானும் தமிழில் சத்தம் போட்டேன்.

"நை, நை, நை!" என்று அவளும் கத்தினாள், நை என்றால் இல்லை. இப்படி இரண்டுபேரும் அவரவர் பாசையில் கொஞ்ச நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினோம். பிறகு அவள் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் பஞ்சும் நெருப்புக்குச்சியும். குச்சியில் பஞ்சைச் சுற்றினாள், அதை வாய்க்குள் விட்டு எச்சில் படுத்தினாள், எடுத்து அப்படியே என் குங்குமத்தில் வைத்து உருட்டினாள்.

எச்சில்! நல்லூரானின் குங்குமத்தில் எச்சில்! நான் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன். அவளும் விடவில்லை. மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். அவள் மற்றக் கையால் சுவரில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினாள். புகைக்குழாய் பிடிக்கிற ஒரு மனிதன், மடியில் ஒரு பழைய படம், கையில் இதே பஞ்சுக்குச்சி. "போல்" என்றாள். பிறகு என் மனிசன்தான் விளங்கப்படுத்தினார்: அந்தப் போல் என்ற மனிதன் பழைய படங்கள் திருத்துகிறவன், அந்தத் தொழிலில் தண்ணீரைவிட எச்சில்தான் நல்லதாம், சாயத்தைத் தொடாமல் ஊத்தையை மட்டும் எடுக்குமாம். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்த அவளுடைய கண் எனக்கு விளங்கியது. கையை விட்டேன்.

சந்தனம் கழன்று வந்தது. குங்குமம் வந்தது. பஞ்சை மாற்றி மறுபடியும் உருட்டினாள். இந்தமுறை பஞ்சு சிவப்பாக வரவில்லை, புகையிலைச் சாறுபோலக் கடும் மண்ணிறமாக வந்தது. கிறேத்தா அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றாள். மூக்கில் வைத்து மணந்தாள். பிறகு குழாய் பிடிப்பதுபோல வாயில் கையை வைத்துக் காட்டி, "போல்" என்று மெதுவாகச் சொன்னாள். முப்பது வருசம் அந்த மனிதன் இந்தப் படத்துக்குக் கீழே இருந்து ஊதின புகை. ஊர்ப் படமெல்லாம் துடைத்தவன் தன் வீட்டுப் படத்தைத் துடைக்கவில்லை. அந்தப் பஞ்சை அவள் எறியவில்லை, ஒரு தேத்தண்ணிச் சோசரில் வைத்தாள்.

எனக்கும் ஒரு குச்சி தந்தாள். பயத்தில் என் வாய் வறண்டுபோயிருந்தது. கண்ணை மூடி, மாங்காய்ப் பிஞ்சும் உப்பும் மிளகாய்த்தூளும் நினைத்தேன். ஊறிவிட்டது. பிறகென்ன, முழங்காலில் இருந்து இரண்டு பெண்களும் மாறி மாறி எச்சில் தொட்டு உருட்டினோம். அந்த இருட்டுச் சுவர் விரல்நுனி விரல்நுனியாக வெளிச்சமானது. சுண்ணாம்புச் சுவர், வெள்ளைச் சுவர்! அந்தக் கைகாரன் அந்தச் சிறிய சுவரில்கூட வெயில் படுகிற பக்கத்தையும் படாத பக்கத்தையும் வேறுவேறு வெள்ளையில் தீட்டியிருந்தான். பிறகு நீலமாக ஒரு கோடு வந்தது. கதவுச் சட்டம். கதவு திறந்திருந்தது.

கிறேத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். கதவுக்குள் ஒரு ஆள் நிற்கிறது.

ஒரு பெண். அரை விரல் உயரம்கூட இல்லை. வெள்ளை ஏப்ரன், தலையில் துணி, வெயில் கூசாமல் ஒரு கையை நெற்றிக்குமேல் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ வருகிறார்கள், அல்லது வரவேண்டும். நான் ஆளில்லாத படம் என்று நினைத்துப் பொட்டு வைத்தது அவளுக்குமேல்தான். எல்லாச் சிவப்பும் போய்விட்டது, ஒரு வெடிப்புக்குள் மட்டும் ஊசிமுனையளவு நின்றுவிட்டது. எந்த இடத்தில் நின்றது என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் நம்பமாட்டீர்கள். கிறேத்தா அதையும் எடுக்கக் குச்சியைக் கொண்டுபோனாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

மேலே படபடவென்று சப்பாத்துச் சத்தம் கேட்டது. என் மனிசன் வெறும் ஆணியைக் கண்டிருக்கவேண்டும். மூன்று மாடியும் ஓடி இறங்கி, வேலைச் சப்பாத்தோடேயே கிறேத்தாவின் வீட்டுக்குள் வந்து நின்றார்.  விரலால் காட்டினேன்.

அவர் முழங்காலில் இருந்து பார்த்தார்.  பிறகு கிறேத்தாவிடம் டெனிஷில் ஏதோ கேட்டார், அவள் ஒரே வரியில் பதில் சொன்னாள். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்:

"இவ எப்ப வந்தவ எண்டு கேட்டன். முதலே அங்கதான் நிண்டவவாம். புகைதான் மறைச்சதாம்."

சொல்லி முடிக்கமுன்னரே அவருடைய குரல் உடைந்துவிட்டது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றும் அழாத மனிசன், ஒரு அந்நிய வீட்டு நிலத்தில் முழங்காலில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கிறேத்தா அவருடைய தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படத்தைத் தூக்கித் தன் சுவரில் சாத்தினாள். இனி இது எனக்கு வேண்டும் என்பதுபோல ஏதோ சொன்னாள். நாங்கள் கேட்கவுமில்லை, அவள் தரவுமில்லை. இன்றைக்கும் அது அவளுடைய வீட்டில்தான் இருக்கிறது, அந்தச் சோசரும் பக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் இருவரும் படியேறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார், அந்தப் படத்தைப் பார்க்கிற பார்வை.

"மலர், பிளேனுக்குள்ள குளிர்ந்ததோ?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "பன்ரெண்டு நாள் கழிச்சோ கேக்கிறியள்? குளிர்ந்தது. நல்லாக் குளிர்ந்தது. ஒரு போர்வை தந்தவை, அது காலுக்கும் காணாது" என்றேன்.

"பிறகு?" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்தேன். அவரும் பக்கத்தில் இருந்தார். அவர் போன நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன். நான் மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் "பிறகு?" என்று கேட்டார்.